பதினோராவது நிமிஷம்

வணக்கம். எல்லோரும் சௌக்கியமா? இந்த வருஷ அக்டோபர் மழை பெங்களூரில் ஒருத்தரையும் விட்டுவைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். தொண்டை கரகரப்பு இருந்தால் மிளகைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டு ஒரு ரசம் வைத்துக் குடித்துவிட்டு வந்து உட்காருங்கள். வீட்டில் குழந்தைகள், பெரியவர்கள் எல்லோரும் நலம்தானே? அப்படியானால் கதைக்குப் போய்விடலாம். நேரம் அதிகமில்லை. எனக்கு இருக்கிறது. லவினாவுக்குத்தான் இல்லை.

அந்தத் திங்கட்கிழமை காலை மணி பத்தரை. சாயங்காலம் நான்கு மணிக்குள் லவினா ஒரு சி.டி.யைக் கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால் ஒக்கலிபுரத்தில் முப்பத்தெட்டு வீடுகள் இடிபடும். அந்த சி.டி. இன்னும் பிறக்கவே இல்லை. பிறக்கவிடாமல் ஒரு கம்ப்யூட்டர் தடுத்துக்கொண்டிருந்தது.

முந்தைய அத்தியாயங்களைப் படிக்காதவர்களுக்கு இரண்டே வரி. நோரா, நாற்பத்திரண்டு வயது, ஆஸ்டின் டவுனில் ஒரு தையல் கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். அதற்கு முன் பதின்மூன்று வருஷம் டெலிபோன் புகார்ப் பிரிவில் இருந்தாள். அவளுடைய உதவியாளன் வைத்தீஸ்வரன் முன்பு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். அவனிடம் பாலிசி எடுத்தவர்களில் பாதிப் பேர் அவன் பேச்சை நிறுத்துவதற்காகவே கையெழுத்துப் போட்டவர்கள்.

இரண்டு பேரும் லிங்கராஜபுரத்தில், பேக்கரி மாடியில் இருந்த ‘லவினா விஷன்’ வாசலில் மழைக்கோட்டை உதறினார்கள். கீழே தெருவில், வாடிப்போன வாழைக்கன்றை இன்னும் முகப்பில் கட்டிக்கொண்டே ஓர் ஆட்டோ தண்ணீரை வாரியடித்துக்கொண்டு போனது.

“மேடம், ஒரு கொலைக் கேஸ் வரும்னு மூணு வருஷமா காத்துண்டிருக்கேன்” என்றான் வைத்தி. “கடைசில கம்ப்யூட்டர் செத்துப்போற கேஸ் வந்திருக்கு.”

“தினம் ஆறு தடவை சாகுதாம். எந்தக் கொலைல மேன் அப்படி நடக்கும்?”

லவினா கதவைத் திறந்தாள். வயது இருபத்தெட்டு. ஸ்வெட்டருக்கு மேல் சால்வை. கண் சிவந்திருந்தது, ஆனால் குரலில் அழுகை இல்லை, கோபம்தான் இருந்தது.

“வாங்க நோராக்கா. மொதல்லயே சொல்லிடறேன், ‘விட்டுடும்மா, வேற வழி பாரு’ன்னு சொல்றதா இருந்தா இப்படியே கீழ எறங்கிடுங்க. அதைச் சொல்ல ஏற்கெனவே எட்டுப் பேர் வந்துட்டுப் போயாச்சு.”

“நான் எதையும் விடச் சொல்ல மாட்டேன். உக்காரவாவது சொல்லு.”

உட்கார்ந்தார்கள். சுவரில் வேதாகம வசனம் அச்சிட்ட பெரிய காலண்டர். அதன் கீழ் நீள மேசை. மேசையில் மானிட்டர், பக்கத்தில் ஆளுயரத்தில் பாதி இருக்கும் கறுப்பு கம்ப்யூட்டர் பெட்டி. மூலையில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். பெயர் முனியப்பன். லவினாவின் அப்பா கல்யாண வீடியோ எடுத்த காலத்தில் லைட் பிடித்தவர். அப்பா போன பிறகும் அவர் போகவில்லை. இப்போது பழைய டேப்புகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவர் வேலை. கடைச் சாவியும் அவரிடம்தான்.

“தொண்ணூத்தி நாலுல ஒக்கலிபுரத்துல ஒரு ஃபங்ஷன்” என்று லவினா ஆரம்பித்தாள். “மேடை போட்டு, முப்பத்தெட்டு குடும்பத்துக்கு ஹக்குபத்ரம் கொடுத்தாங்க. ‘இந்த இடம் உன்னுது’ன்னு எழுதின சீட்டு. எங்க டாடிதான் வீடியோ எடுத்தார். ஒரு மாசம் கழிச்சு ஒருத்தன் வந்து, ‘சீல் வைக்கணும், கொடுங்க’ன்னு எல்லாச் சீட்டையும் வாங்கிட்டுப் போனான். போனவன் போனவன்தான். இப்போ ஒரு பில்டர் வந்து, அப்படி ஒரு ஃபங்ஷனே நடக்கலைங்கறான்.”

“டேப்பைப் போட்டுக் காட்ட வேண்டியதுதானே?” என்றான் வைத்தி.

“கம்ப்யூட்டர்ல ஏத்தி முடிச்ச அன்னிக்கே டேப் வீ.சி.ஆர்.ல சிக்கி நூல் நூலா வந்துடுச்சு. இப்போ இருக்கறது இந்தப் பெட்டிக்குள்ள ஒரே ஒரு காப்பி. விசாரணை ஆபீசர் சி.டி.தான் வேணுங்கறார். ஐம்பது நிமிஷமும் ஒரே ஓட்டமா இருக்கணும், நடுவுல வெட்டி ஒட்டின மாதிரி தெரிஞ்சா எடுத்துக்க மாட்டேன்னுட்டார். இன்னிக்கு நாலு மணியோட சாட்சி வாங்கறதை முடிச்சுடறாங்க.”

இங்கே ஒரு நிமிஷம் நின்று விளக்கிவிடுகிறேன். கம்ப்யூட்டரில் ஏற்றிய படம் யானை மாதிரி இடத்தை அடைத்துக்கொள்ளும். அதைச் சுருக்கி, சி.டி.க்குள் அடங்குகிற மாதிரி மாற்றித் தருவதற்கு ஒரு மென்பொருள் வேண்டும். லவினா பயன்படுத்தியதன் பெயர் ‘ரீல்மில்’. காசு கிடையாது. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற முகம் தெரியாதவர்கள் ஓய்வு நேரத்தில் எழுதி, உள்ளே இருப்பதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், தப்பு இருந்தால் திருத்தலாம் என்று பொதுவில் வைத்துவிட்டார்கள். எட்டு மாதமாக லவினா கொடுத்த கல்யாணம், ஞானஸ்நானம், பள்ளி ஆண்டு விழா எல்லாவற்றையும் அது முணுமுணுக்காமல் சுருக்கிக் கொடுத்தது. போன புதன்கிழமையிலிருந்துதான் கோளாறு. படம் பாதி ஓடும்போதே கம்ப்யூட்டர் உறைந்து போகும், திரை கறுப்பாகும். திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

லவினாவின் கைபேசி அடித்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“குட் மார்னிங் லவினா மேடம், ரோஹன் பேசறேன்” என்றது தேனில் தோய்த்த ஒரு குரல். காசுக்கு விற்கிற மென்பொருள் ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி அவன். “என்ன, இன்னிக்கும் கிராஷா? ஃப்ரீன்னா அப்படித்தான் மேடம். யாரோ எழுதினது, யாருக்கும் பொறுப்பு கிடையாது. ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி எங்க ஆபீசுக்கு அனுப்புங்க. நாங்க மாத்தித் தர்றோம். அப்புறம் ஒரு லைசென்ஸ் மட்டும் எடுத்துக்கிட்டா போதும்.”

“இருக்கறது ஒரே காப்பி ரோஹன். இந்தப் படி எறங்காது.”

“அப்போ நாலு மணிக்கு என்ன கொடுப்பீங்க?”

“அதை நாலு மணிக்குச் சொல்றேன்.” பட்டென்று அணைத்தாள்.

வைத்தி மெல்லக் கை தட்டினான். “சக்கத்! பிரமாதம்! இந்தக் குரல்ல நான் பாலிசி வித்திருந்தா இந்நேரம் கார் வாங்கியிருப்பேன்.”

நோரா சிரிக்கவில்லை. “அந்த சாஃப்ட்வேரை எழுதினவங்களைக் கேட்டியா?”

“கேட்டேன்கா. அவங்களுக்கு ஒரு மெயில் குழு இருக்கு. எந்த இடத்துல நின்னுச்சோ அந்த அரை நிமிஷத்தை மட்டும் தனியா நறுக்கி அனுப்பினேன். ஒரு ஆள் அஞ்சு கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்துட்டு, ‘இங்க எல்லாத்துலயும் ஓடுது. கோளாறு எங்க புரோகிராம்ல இல்ல, உன் பெட்டில’ன்னு பதில் போட்டுட்டான்.”

“பாத்தீங்களா மேடம், இலவசமா பதில் சொல்றவனும் அடுத்தவா மேலதான் பழி போடறான்.”

“எங்கெங்க நின்னுச்சுன்னு எழுதி வெச்சிருக்கியா?”

லவினா ஒரு நோட்டை நீட்டினாள். பக்கம் பக்கமாக இருந்தது. ‘தலைவர் மேடை ஏறும்போது. மைக் கிறீச்சிடும்போது. நாய் குறுக்கே ஓடும்போது. மாலை போடும்போது. மறுபடி மைக்.’

“நாய் மேல எனக்குச் சந்தேகம்” என்றான் வைத்தி.

“சும்மா இரு மேன். லவினா, டெலிபோன்ல பதிமூணு வருஷம் ஒரு விஷயம் கத்துக்கிட்டேன். லைன் ரிப்பேர்னு சொல்றவங்க எல்லாம் எங்கன்னுதான் சொல்வாங்க. எப்போன்னு சொல்ல மாட்டாங்க. நீயும் எங்க நின்னுச்சுன்னுதான் எழுதியிருக்க. ஆரம்பிச்சு எத்தனை நிமிஷத்துல நின்னுச்சு?”

லவினா விழித்தாள். “அதை... கவனிக்கலை. ஆனா அந்த சாஃப்ட்வேரே ஒவ்வொரு வினாடியும் ஒரு குறிப்பு எழுதிக்கிட்டே வரும்.”

அவள் தட்டினாள். திரையில் எண்கள் வரிசையாக இறங்கின. நோரா ஆரம்ப நேரத்தையும், குறிப்பு அறுந்த நேரத்தையும் பார்த்துக் கணக்குப் போட்டாள். வைத்தி அதைச் சத்தமாகப் படித்தான்.

“வியாழக்கிழமை. காலைல மொதல் ஓட்டம் பதினெட்டு நிமிஷம். அடுத்தது பதினொண்ணு. பதினொண்ணு. பத்தரை. பதினொண்ணு. வெள்ளிக்கிழமை காலைல திரும்பப் பதினெட்டு. அப்புறம் பழையபடி பதினொண்ணு. மேடம், இது அப்படியே கவர்ன்மென்ட் ஆபீஸ்! காலைல வந்ததும் கொஞ்சம் வேலை, அப்புறம் டீ.”

“படத்தை நடுவுலேர்ந்து ஆரம்பிச்சா?”

லவினா தேடினாள். அவள் முகம் மாறியது. “அப்பவும் பதினொண்ணுதான்கா.”

“படத்துல பழுது இருந்தா ஒரே இடத்துல சாகணும். சாஃப்ட்வேர்ல தப்பு இருந்தாலும் அதே இடத்துலதான் திரும்பத் திரும்பச் சாகணும். இது இடத்தைப் பார்க்கலை. ஓடி ஓடிக் களைக்குது. ராத்திரி முழுக்கப் படுத்து எழுந்தா கொஞ்சம் தெம்பு வருது. அந்த மெயில்காரன் திமிர்ல சொல்லலை, நெஜத்தைத்தான் சொல்லியிருக்கான்.”

“சூடாகுதுங்கறீங்களா? வெளியில பாருங்கக்கா. நானே ஸ்வெட்டர், சால்வை எல்லாம் போத்திக்கிட்டு உக்காந்திருக்கேன். மே மாச வெயில்லயே ஒண்ணும் ஆகலையே!”

“அதனாலதான் யாருக்கும் தோணலை. இன்னொரு தரம் ஓட்டு. நான் இங்கயே நிக்கறேன்.”

ஓட்டம் ஆரம்பித்தது. முனியப்பன் எல்லோருக்கும் டீ வாங்கி வருகிறேன் என்று கீழே இறங்கினார். இரண்டு நிமிஷம் கழித்து, “காரா பன் இருக்கான்னு பார்த்துட்டு வரேன்” என்று வைத்தியும் போனான். ஆனால் திரும்பி வந்தபோது அவன் கையில் பன் இல்லை. நோராவின் காதருகே குனிந்தான்.

“மேடம், அந்த முனியப்பன் மாடிப்படி அடியில நின்னுண்டு போன்ல குசுகுசுன்னு பேசறார். ‘இன்னும் ஆவல. நா பண்ணது யாருக்கும் தெரியாது. நீயும் வாயைத் தொறக்காதே’ங்கறார்.”

நோரா கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். அவள் மூக்கு ஏதோ தேடிக்கொண்டிருந்தது. எட்டாவது நிமிஷம்.

வைத்தியும் மோந்தான். “அட, என்ன இது? உங்க கம்ப்யூட்டர்லேர்ந்து கோயில் வாசனை வருது!”

“பக்கத்துல ஊதுபத்திக் கடை இருக்குங்க” என்றாள் லவினா. “எப்பவும் அடிக்கும்.”

“அது இன்னிக்குப் பூட்டியிருக்கும்மா. அது வாசல்லதான் ஸ்கூட்டரை நிறுத்தியிருக்கேன்” என்றான் வைத்தி.

நோரா கறுப்புப் பெட்டியின் பின்பக்கம் முகத்தைக் கொண்டுபோனாள். உள்ளேயிருந்து அனல் அடித்தது. அனலோடு சந்தன வாசனை. அதற்கடியில் வெந்த பூவின் கசப்பு. மேசைமேல், அந்தக் காற்று வெளியே வருகிற இடத்தில், வெள்ளையாக ஏதோ ஒன்று கிடந்தது. நகத்தால் எடுத்தாள். ஒரே ஒரு பொரி.

“வைத்தி, மறுபடியும் கொட்டிட்டியா?”

“ஆண்டவனே! இன்னிக்குக் காலைலேர்ந்து நான் ஒரு பன்கூடச் சாப்பிடலை.”

திரை கறுத்தது. நோரா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தே முக்கால் நிமிஷம்.

“பெட்டியைத் திறக்கணும்” என்றாள்.

“வாணாம்மா!”

வாசலில் முனியப்பன். கையில் இருந்த டீ கிளாஸ்கள் தளும்பின. “தொறக்காதீங்க. சீல் ஒட்டியிருக்குது. பிரிச்சா வாரண்டி பூடும். கடைக்காரன் கையத் தூக்கிடுவான். சொல்லு பாப்பா நீயாச்சும்!”

“வாரண்டியா முக்கியம் இப்போ? முப்பத்தெட்டு வீடுண்ணா!”

நோரா பெட்டியின் ஓரத்தில் விரலை ஓட்டினாள். கடைக்காரன் ஒட்டிய வெள்ளிநிறச் சீல் அங்கே இருந்தது. நடுவில் நேர்க்கோடாக அறுக்கப்பட்டு, மேலே செல்லோ டேப்பால் ஒட்டப்பட்டிருந்தது.

“வாரண்டி ஏற்கெனவே போயிடுச்சு முனியப்பன்” என்றாள் அமைதியாக. “யாரோ இதைத் தொறந்து மூடியிருக்காங்க. கடைச் சாவி யார்கிட்ட இருக்கு?”

லவினா மெல்ல எழுந்தாள்.

“அண்ணா. நீங்களா?”

முனியப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

“அந்த பில்டர் ஆளு உங்களைப் பிடிச்சானா? எவ்ளோ கொடுக்கறேன்னான்? டாடி கேமராவுக்கு நீங்க பிடிச்ச லைட்டுண்ணா அது! அதை அணைக்க உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?”

“பாப்பா, அப்புடிப் பேசாதே. பில்டரு மூஞ்சியக்கூட நான் பாத்ததில்ல.”

“அப்போ யார்கிட்ட ‘வாயைத் திறக்காதே’ன்னு சொன்னேள்?” என்று வைத்தி எகிறினான். “நான் கேட்டேனே! படிக்கு அடியில நின்னுண்டு!”

“அது என் தங்கச்சி.”

“யார் தங்கச்சியா இருந்தா என்ன—”

“வைத்தி, ஸ்க்ரூ டிரைவர்” என்றாள் நோரா.

நான்கு திருகாணி. பக்கத்துத் தகடு சரிந்து கையோடு வந்தது. மூன்று தலைகள் ஒரே சமயத்தில் உள்ளே எட்டிப் பார்த்தன.

கம்ப்யூட்டரின் மூளைக்கு மேலே, அதன் சூட்டை விரட்டுவதற்காக ஒரு குட்டி ஃபேன் இருக்கும். அந்த ஃபேனின் நெற்றியில் சந்தனம். சந்தனத்தில் குங்குமப் பொட்டு. அதைச் சுற்றி ஒரு முழம் செவ்வந்திப் பூ. கட்டிய நார் அவிழ்ந்து, ஃபேனின் அச்சில் இரண்டு சுற்று சுற்றியிருந்தது. கருகிய இதழ்கள் அலுமினியத் தகடுகளின் இடுக்கெல்லாம் அடைத்திருந்தன. அடியில், ஒரு கைப்பிடிப் பொரியும் பொட்டுக்கடலையும். ஃபேன் சுற்றத்தான் சுற்றியது. கிழட்டு மாடு செக்கைச் சுற்றுகிற வேகத்தில்.

வைத்திகூடப் பேசவில்லை. இந்த நாவலில் அது முதல் தடவை.

“போன செவ்வாக்கெழம ஆயுத பூஜை” என்றார் முனியப்பன். “பெரியவரு இருந்தப்ப வருசா வருசம் கேமராவுக்கும் லைட்டுக்கும் நாந்தான் பூஜை போடுவேன். அவரு சர்ச்சுக்குப் போறவருதான். ஆனா, ‘முனியா, போட்டுக்கோ, லென்ஸுல மட்டும் சந்தனம் தடவாதே’ம்பாரு. அவரு போனப்பறம் உங்கம்மாவுக்கு இது ஆவறதில்ல. மூணு வருசமா நானும் சும்மா உட்டுட்டேன். இந்த வருசம் எப்புடி உடறது? என் தங்கச்சி எல்லம்மா வூடு அந்த முப்பத்தெட்டுல ஒண்ணு. அந்த வூடே இந்தப் பொட்டிக்குள்ள கீது. பூஜை போடாம உட்டு எதுனா ஆச்சுன்னா? பொட்டி மேல வெச்சா அம்மா கண்ணுல படும். அதான் காத்தாலயே வந்து... உள்ளார வெச்சேன்.”

“அது நின்னு நின்னு போச்சே, அப்பவாவது சொல்லக் கூடாதா?” என்றாள் லவினா.

“பூவால மெசினு நிக்கும்னு எனக்கின்னா தெரியும்? பூஜை பத்தலைன்னு நெனச்சேன். வெள்ளிக்கெழம இன்னும் கொஞ்சம் பொரி போட்டேன்.”

வைத்திக்குப் பேச்சு திரும்பிவிட்டது. “அண்ணே, உலகத்துல எல்லாக் கேஸ்லயும் கெடுக்க நினைச்சவன் மாட்டிப்பான். வேண்டிண்டு மாட்டிண்ட மொத ஆள் நீங்கதான்!”

லவினா சிரித்தாளா, அழுதாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. காலி சி.டி. டப்பாவின் மூடி ஒன்றைக் கவிழ்த்து, பூவையும் பொரியையும் இரண்டு கையாலும் அள்ளி அதில் போட்டாள். அதைத் தூக்கி, வசனக் காலண்டருக்கு நேர் கீழே, மேசையின் நடுவில் வைத்தாள்.

“பாப்பா, அம்மா பாத்தாங்கன்னா—”

“பாக்கட்டும். நான் பதில் சொல்லிக்கறேன். அடுத்த வருஷத்துலேர்ந்து வெளியிலயே போடுங்க. மறைஞ்சு மறைஞ்சு செய்ய இது என்ன திருட்டு வேலையா?”

கத்தரிக்கோலால் நாரை அறுத்தார்கள். கேமரா லென்ஸைத் துடைக்கிற ரப்பர் பந்து ஊதியால் ஒவ்வொரு இடுக்காக ஊதி, கருகிய இதழை எடுத்தார் முனியப்பன். வேலை சுத்தம். பிறகு சுவரோரம் இருந்த மேசை மின்விசிறியைத் தூக்கி வந்து, திறந்த பெட்டிக்கு நேராக வைத்து முழு வேகத்தில் போட்டார்.

பன்னிரண்டு இருபதுக்கு ஓட்டம் ஆரம்பித்தது. முடிய ஒன்றரை மணி நேரம் ஆகும். இது நின்றால் இன்னொரு முறைக்கு நேரம் இல்லை.

ஐந்து நிமிஷம். எட்டு. பத்து. லவினா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பதினொன்று. திரையில் நாய் குறுக்கே ஓடியது.

“நாய் பாஸாயிடுத்து” என்றான் வைத்தி மெதுவாக.

பதினான்காவது நிமிஷத்தில் கைபேசி அடித்தது. ரோஹன்.

“மேடம், கடைசி சான்ஸ். எங்க சாஃப்ட்வேர்—”

“ரோஹன், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உள்ள பூ வெச்சா உங்க சாஃப்ட்வேர் ஓடுமா?”

“பூவா?”

“இலவசமா வந்தது பதினொரு நிமிஷம் ஓடிச்சுப்பா. சந்தனம், குங்குமம், ஒரு கைப்பிடிப் பொரியோட. நீங்க வாங்கற காசுக்கு எத்தனை நிமிஷம் ஓடும்னு கேட்டுச் சொல்லுங்க.” அணைத்தாள். உட்கார்ந்த கையோடு அந்த மெயில்காரனுக்கும் இரண்டு வரி எழுதினாள்: உங்கள் புரோகிராம் நிரபராதி, நீங்கள் சொன்னபடியே கோளாறு என் பெட்டியில்தான், மன்னிக்கவும், நன்றி.

பதினெட்டைத் தாண்டியது. முப்பதைத் தாண்டியது. ஒன்றரை மணிக்குச் சற்று முன்பு, சுருங்கிக்கொண்டே வந்த படத்தில் மேடை முழுசாகத் தெரிந்தது. பின்னால் துணியில் தேதியும் இடமும் கன்னடத்தில் கொட்டை எழுத்தில். பச்சைப் புடவை கட்டிய, முப்பது வயதுப் பெண் ஒருத்தி இரண்டு கையாலும் ஒரு சீட்டை வாங்கினாள்.

“எல்லம்மா” என்றார் முனியப்பன்.

“நீங்க எங்கேண்ணே, காணோம்?” என்று கேட்டான் வைத்தி.

“நானு எப்புடித் தெரிவேன்? லைட்டு புடிக்கறவன் தெரிய மாட்டான். அவ மூஞ்சில வெளிச்சம் உழுது பாருங்க. அது நானு.”

மூன்று முப்பத்தைந்துக்கு விசாரணை அலுவலகத்தின் படியில் நான்கு பேரும் நனைந்துகொண்டே ஏறினார்கள். சி.டி. இரண்டு பிளாஸ்டிக் பைக்குள், அதுவும் லவினாவின் ஸ்வெட்டருக்குள். நடைபாதையில் முப்பத்தெட்டு வீட்டு ஜனமும் ஈரக் குடையோடு உட்கார்ந்திருந்தது.

உள்ளே பில்டரின் வக்கீல் தயாராக நின்றார். கன்னடத்தில்தான் பேசினார், நான் நம் பேச்சில் சொல்கிறேன்.

“சார், இதை ஏத்துக்கவே கூடாது. ஏதோ இன்டர்நெட்ல ஓசில கிடைக்கிற சாஃப்ட்வேர்ல மாத்தியிருக்காங்க. லைசென்ஸ் இல்ல, கம்பெனி இல்ல, பேர் இல்ல. உள்ள என்ன பண்ணியிருக்காங்கன்னு யாருக்குத் தெரியும்?”

“எல்லாருக்கும் தெரியும் சார்” என்றாள் லவினா, அதே கன்னடத்தில், அவரைவிடச் சத்தமாக. “அந்த சாஃப்ட்வேரோட உள்பக்கம் முழுக்கத் திறந்தே இருக்கு. உங்க ஆளை விட்டு வரி வரியாப் படிக்கச் சொல்லுங்க. நாங்க எங்க கம்ப்யூட்டரையும் திறந்து பாத்துட்டுத்தான் வந்திருக்கோம். முப்பத்தெட்டு சீட்டைச் சீல் வைக்கறேன்னு வாங்கிட்டுப் போனாங்களே, அந்த ஃபைலை இதே மாதிரி மேசை மேல திறந்து வைக்கச் சொல்லுங்க. அப்புறம் எங்களைக் கேளுங்க.”

வக்கீல் வாயைத் திறந்தார். அதிகாரி கையைக் காட்டி அவரை உட்காரச் சொல்லிவிட்டு, சி.டி.யைக் கம்ப்யூட்டரில் போட்டு, அங்கங்கே வேகமாக ஓட்டிப் பார்த்தார். ஒரு வெட்டு இல்லை, ஓர் ஒட்டு இல்லை. நாய் ஓடியது. மைக் கிறீச்சிட்டது. பச்சைப் புடவைப் பெண் வந்ததும் அவர் படத்தை நிறுத்தினார்.

“யார் இந்த அம்மா?”

“நான்தான் சாமி” என்று நடைபாதையிலிருந்து ஒரு குரல் வந்தது. தலை நரைத்திருந்தது. முகம் அதேதான்.

அதிகாரி திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார். சாட்சியம் ஏற்கப்பட்டது, விசாரணை முடியும்வரை ஒரு செங்கல்லையும் யாரும் தொடக் கூடாது என்று எழுதி, ஒப்புகைச் சீட்டில் முத்திரையைக் குத்தி எல்லம்மாவிடம் கொடுத்தார். மணி நான்குக்கு ஆறு நிமிஷம்.

அவள் வெளியே வந்ததும் ஒரு குமாஸ்தா கையை நீட்டினார். “குடும்மா அதை. உள்ளே போய் நம்பர் பதிஞ்சுட்டுத் திருப்பித் தரேன்.”

எல்லம்மா அந்தக் கையைப் பார்த்தாள். அப்புறம் அண்ணனைப் பார்த்தாள்.

“ரிஜிஸ்டரை நீ இங்க எடுத்துக்கினு வா” என்றாள். “சீட்டு என் கைய வுட்டுப் போவாது.”

குமாஸ்தா ஏதோ முணுமுணுத்தார். அவள் அசையவில்லை. அவளுக்குப் பின்னால் முப்பத்தேழு குடும்பமும் எழுந்து நின்றது. கடைசியில் அந்தக் கனத்த ரிஜிஸ்டர் நடைபாதைக்கு வந்தது. பெஞ்சில் சீட்டை வைத்து, அதன்மேல் தன் ஐந்து விரலையும் ஊன்றிக்கொண்டாள் எல்லம்மா. அந்த விரல்களுக்கு நடுவே தெரிந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து குமாஸ்தா எழுதி முடித்தார்.

சரி, என் பேச்சு போதும், இனி நீங்கள் சொல்லுங்கள். உங்கள் வீட்டில், கடையில், ஆபீசில் எந்த மெஷின் காரணமில்லாமல் நின்றது? திறந்து பார்த்தபோது உள்ளே என்ன இருந்தது? அதை வைத்தவர் யார், எதற்காக வைத்தார்? ஒரு போஸ்ட் கார்டில் அடங்கினாலும் சரி, நான்கு பக்கம் ஓடினாலும் சரி, எழுதிப் போடுங்கள். எங்கே நின்றது என்று மட்டும் எழுதாதீர்கள், எப்போது நின்றது என்றும் எழுதுங்கள். வைத்தி படித்துக் காட்டுவான், நோரா கணக்குப் போடுவாள்.